வீடு வரை வண்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஒரு காரின் பக்கக் கண்ணாடியை உடைத்தேன்.

மார்த்தாண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கார் ஷோரூமுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடக்க இடம் எங்கே இருக்கிறது? ஓடையை மூடிய சிமென்ட் சிலாபின் மேல் முழுக்க வண்டிகள், அதில் பாதி எங்கள் ஷோரூம் வண்டிகள். ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பின்னால் காரில் வந்தவன் முழங்கையில் இடித்தான். உயிர் போகிற வலி. அவன் ஜன்னலை இறக்கி என்னைக் கேட்கிறான், "கண்ணு தெரியாதா?" என்று! சாப்பாட்டுப் பாத்திரம் இருந்த பையால் பக்கக் கண்ணாடியில் ஓங்கி ஒரு அடி. கண்ணாடி உடைந்து தொங்கியது. அவன் இறங்குவதற்குள் கூட்டத்தில் புகுந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அதே மாடல் வண்டியை ஒருவருக்குச் சிரித்துச் சிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நடந்து போகிறவளை இங்கே யாரும் மனுஷியாக எண்ணுவதில்லை. நானும் உள்ளே உட்கார வேண்டும். ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு.

ஆகஸ்ட் 5

முழங்கை நீலம் பாரித்திருக்கிறது. மேனேஜர் விபின் சார் பார்த்துவிட்டு, "முழுக்கை போட்டுட்டு வாங்க ஷைஜா, கஸ்டமர் பாக்கப்பிடாது" என்றார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஓணம் டார்கெட்டுக்கு ஒரு வண்டி குறைகிறது. விபின் சார் எல்லார் முன்னாலும் கேட்டார், "வீட்டுக்கு ஒண்ணு எடுக்கப்பிடாதா? மாப்பிள்ளை கல்ஃபுல இருந்து வந்தாச்சில்லா?"

ராத்திரி என் வீட்டுக்காரர் லிஜோவிடம் சொன்னேன். அவருக்கும் ஆசைதான். ஆனால் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவது ஒற்றையடி வழி, இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பக்கத்து வீட்டு ஞானபாய் மாமி மரச்சீனிக் கிழங்கு போட்டிருக்கும் விளை, அதைச் சுற்றி ஆள் மார்பளவுக்கு மண் சுவர், கய்யாலை. அந்தக் கய்யாலையைத் தள்ளி வைத்தால்தான் வண்டி வரும்.

"மொதல்ல வண்டி வரட்டும் ஏட்டி. வண்டி வந்து நிண்ணா வழி தானா வரும்" என்றார். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஷோரூமில் நேற்று கேக் வெட்டினார்கள். சுவரில் என் படம். இன்று ஆராதனை முடிந்ததும் போதகர் வண்டியின் மேல் கை வைத்து ஜெபித்தார். மாமியும் அவர் மகன் ஜெஸ்பினும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னார்கள். வண்டியை ரோட்டு முக்கில் மூடிக் கிடக்கிற ரப்பர் ஷீட் கடை முன்னால் போட்டுவிட்டு, பட்டுச்சேலையோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

மாமியிடம் போய்க் கேட்டேன். தேயிலை போட்டுத் தந்தார், முறுக்கு தந்தார். வழி தரவில்லை.

"நீ காறு வாங்குனதுக்கு எனக்க மண்ணு என்ன செய்யும் பிள்ளே? நடந்து போ. எனக்க மோன் ரப்பர் வெட்ட விடியக்காலம் நடந்துதானே போறான்."

நடந்து போவதாம். முழங்கையைக் காட்டியிருக்க வேண்டும். முறுக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 10

வண்டிக் கதவில் ஆணியால் நீளமாக ஒரு கோடு! எவன்? எவன் கை? அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும். ஜெஸ்பினாகத்தான் இருக்கும். லிஜோவிடம் கேட்டே விட்டேன், "பாத்துட்டு சும்மா இருக்கியளே, நீங்க ஆம்பளதானா?" அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கையைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

ஊரெல்லாம் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து, லிஜோ இரண்டு கூட்டாளிகளோடு மம்பட்டி எடுத்தார். முக்கிலிருந்து கய்யாலை சரிந்துகொண்டே வந்தது. நான் மண்ணை ஒதுக்கினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பாதி ஆனபோது ஜெஸ்பின் வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே தன் வீட்டுக்குள் போய் வெட்டுக்கத்தியோடு வந்தான். "லேய், எனக்க அம்மைக்க மண்ணுல தொட்ட கைய எடுலே!" கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள்.

லிஜோவும் முக்குக்கு ஓடினார். கார் டிக்கியைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார். டெலிவரி அன்று நானே எடுத்துக் காட்டிய ஸ்பேனர் — இது ஜாக்கி, இது வீல் ஸ்பேனர் என்று எல்லாருக்கும் சொல்வேனே, அதேதான். பின்னாலேயே வந்த ஜெஸ்பினின் கத்தி லிஜோவின் தோளைக் கிழித்தது. ரத்தம். ஸ்பேனர் ஜெஸ்பினின் முழங்காலில் இறங்கியது. அவன் விழுந்தான். விழுந்த பிறகும் அதே முழங்காலில் இன்னொன்று. மரம் முறிகிற மாதிரி சத்தம்.

"அடிங்க! விடாதீங்க!" என்று ஒரு குரல் கேட்டது. கர்த்தாவே, நானா கத்தினேன்? நான்தான். எனக்கு இன்னும் தொண்டை வலிக்கிறது.

செப்டம்பர் 15

லிஜோவைத் தையல் போட்ட தோளோடு போலீஸ் கொண்டுபோனது. ஸ்பேனரையும்.

அக்டோபர் 8, புதன்

சுவரில் என் படம் இல்லை. "ஸ்டேஷன் விஷயம் கம்பெனிக்குள்ள வரப்பிடாது ஷைஜா" என்றார் விபின் சார். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். கதவில் இருக்கும் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பழைய வண்டிப் பிரிவுக்குப் போகச் சொன்னார்.

நவம்பர் 3

லிஜோ ஜாமீனில் வந்தார். ஜெஸ்பினுக்கு இரண்டாவது ஆபரேஷனும் சரியாகவில்லையாம்.

நவம்பர் 15

வண்டியைக் கொடுத்துவிட்டேன். கேரளா பக்கத்து ஆள் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். ஒரு நாள்கூட வீட்டு முற்றத்தைப் பார்க்காத வண்டி.

நவம்பர் 22, சனி

காலையில் மண் வெட்டுகிற சத்தம். ஜன்னல் வழியே பார்த்தேன். மாமி தன்னந்தனியாக மீதிக் கய்யாலையைத் தானே வெட்டிச் சரித்துக்கொண்டிருந்தார்.

மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். "நீ தொடப்பிடாது" என்றார். நின்றேன். அவர் வெட்டிக்கொண்டே சொன்னார், "ஜெஸ்பினுக்கு முக்கு வரை நடக்க முடியாதில்லா. ஆஸ்பத்திரிக்குப் போவ ஆட்டோ வாசல் வரை வரணும்." கடைசிக் கட்டியையும் தள்ளிவிட்டுத்தான் முகத்தைத் துடைத்தார். "வழி ஆச்சு பிள்ளே. இனி உனக்க காற கொண்டு வா."

வண்டி போய் ஒரு வாரம் ஆகிறது; மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். லிஜோ வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. ஜெஸ்பினை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். ஆட்டோவுக்கு வழிவிட்டு நான் பாறையோரம் ஒதுங்கினேன். ஒதுங்கவே தேவையில்லை, அவ்வளவு இடம் கிடந்தது. திங்கட்கிழமை பஸ்ஸுக்கு அதில்தான் நடக்க வேண்டும்.