கோடையில் இறங்க வேண்டிய கிணறு

முதலில் மன்னித்துவிடு. உனக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். நீ இருந்தபோதே நான் அனுப்பும் செய்திகளைப் பாதிதான் படிப்பாய். "நேர்ல சொல்லுடி" என்பாய். இனி நேரில் சொல்ல வழியில்லை.

இன்று காலை இரும்பு ஆலைக்குள் நுழைந்ததும் கிரீஸ் வாடை. ரோலிங் மில் பக்கம் டிரம் டிரம்மாக இறக்கியிருந்தார்கள். அந்த வாடை வந்தால் ஷட்டவுன் வரப்போகிறது என்று கும்மிடிப்பூண்டியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. போர்டில் தேதியும் ஒட்டிவிட்டார்கள். மே மாதம், ஒரு வாரம் ஆலை நிற்கும்.

போன வருஷ ஷட்டவுனில் நாம் எங்கும் போகவில்லை. வீட்டில் கிடந்து சலித்துப்போய்த்தான் நீ அந்த வீடியோவை எனக்கு அனுப்பினாய். அகமதாபாத்தில் பூமிக்குள் மாடி மாடியாக இறங்கும் பழைய படிக்கிணறுகள். தலைகீழாகக் கட்டிய வீடு போல இருந்தது. நீ அன்றைக்கே முடிவு செய்துவிட்டாய்.

எப்போது போவது என்பதில்தான் சண்டை. ஒரே லேபில் இருக்கும் இரண்டு பேருக்கு ஷட்டவுன் தவிர ஒரே நாளில் லீவு கிடையாது. நான் விடாமல் டிசம்பர் என்றேன். லேபைப் பார்த்துக்கொள்ள வேறு யாரையாவது கேட்கலாம், குளிராக இருக்கும், எல்லாரும் அப்போதுதான் போகிறார்கள் என்றேன். மழைக்காலம் வேண்டாம், படி வழுக்கும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. நீ மே மாதத்தை விட்டு இறங்கவே இல்லை.

"மேலே வெயில்ல மண்டை காயணும்டி. அப்புறம் ஒவ்வொரு மாடியா எறங்கணும். எங்க குளிர ஆரம்பிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். வெயிலுக்குக் கட்டினத வெயில்ல போய்ப் பாக்காம, ஸ்வெட்டர் போட்டுக்கினா பாப்ப?"

கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருந்த கிரேன் ஆபரேட்டர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ல இல்லாத கெணறா? ரயிலேறிப் போய் கெணறு பாக்கப் போறாங்களாம்!"

"உங்க ஊரு கெணத்துல படிக்கட்டு இருக்கா அண்ணே?"

"கிரேன் இருக்குதே. கொக்கியில மாட்டி எறக்குறேன், வா."

நீ பதிலுக்குப் பதில் பேசினாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆனால் இன்சார்ஜிடம் அரை நாள் லீவு கேட்கக்கூட உன்னைத்தான் அனுப்புவேன். "வாயில்லாப்பூச்சி" என்று திட்டிக்கொண்டே போய்க் கேட்டு வருவாய்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்டேஷனில் நின்றபோது அகமதாபாத் வண்டி நம்மைத் தாண்டிப் போனது. புழுதியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு பெட்டிகளை எண்ணினாய். "நம்ம ஊரு வழியாத்தான்டி போவுது. நிக்காது, அவ்ளோதான்."

மழை விட்ட பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது, "நான் இல்லாத நேரமா பாத்து டிசம்பருக்கு மாத்திடாத" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். அதற்கு அடுத்த வாரம் பழவேற்காட்டில் உங்கள் வீட்டு வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவே நின்றேன். உன் அம்மாவிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேச வேண்டிய இடத்தில் எப்போதும் நீ பேசுவாய்.

இன்று டீ நேரத்தில் அம்மா போன் செய்தாள். "ஷட்டவுன்ல ஊட்லதான இருப்ப? அந்த ஞாயித்துக்கெழம ஊத்துக்கோட்டையிலேர்ந்து உன்னப் பாக்க வராங்க. நைனா சரின்னுட்டாரு."

நானும் "ம்" என்றேன். வைத்த பிறகு ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சில இடங்கள்தான் மிச்சம். சாயங்காலம் வீடு திரும்பும்போது எளாவூர் தாண்டி லாரி வரிசையில் பஸ் நின்ற நேரமெல்லாம், நைனாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பஸ் நகர்ந்தால் மறந்துபோனது.

நைனா வயலிலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, அந்த ஞாயித்துக்கெழம நான் ஊட்ல இருக்க மாட்டேன்."

"டூட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்ல. அகமதாபாத் போறேன். பழைய கெணறு பாக்க."

அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். "வரவங்களுக்கு இன்னான்னு சொல்றது? பொண்ணு கெணறு பாக்கப் போயிருக்குதுன்னா?"

நைனா தண்ணீரை நிறுத்தினார். "யாரு கூட?"

இந்தக் கேள்விக்கு எப்போதும் உன் பெயரைச் சொல்வேன். அவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தனியா."

நானே மறுபடி பேசினேன். "வேற வாரம் வரச் சொல்லுங்க நைனா. வேணாம்னு சொல்லல. அந்த வாரம் வேணாம்."

"தனியா போவுதாம்" என்று அம்மாவிடம் சொன்னார், நான் அங்கே இல்லாதது போல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இன்னும் திரும்பவில்லை. அம்மா பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறாள். நான் டிக்கெட் போட்டுவிட்டேன். நீ சொன்ன மே மாதம்தான், மாற்றவில்லை.

இனிதான் நான் கேட்க வந்தது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

ரயிலில் என்னோடு வா. வழியெல்லாம் பேசிக்கொண்டு வா. கிணற்று வாசல்வரைகூட வா. அதற்கு மேல் வராதே. நீ வந்தால் நீதான் எல்லாவற்றையும் முதலில் பார்த்துச் சொல்வாய், நான் தலையாட்டிக்கொண்டே இறங்கிவிடுவேன். இன்றைக்கு நைனாவிடம் "தனியா" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது உண்மையாக இருக்கட்டும்.

எங்கே குளிர ஆரம்பிக்கிறது என்பதை நானே கண்டுபிடிக்கிறேன். அதுவரை நீ மேலே, வெயிலில் கொஞ்சம் நில்.