ஹம்பிக்குக் காலையிலேயே போகவேண்டும், அண்ணா

எதற்கெடுத்தாலும் முதலில் என்னையே கூப்பிடும் என் குமார் அண்ணாவுக்கு,

உன்னிடம் கோள் சொல்லத்தான் எழுதுகிறேன். ஹம்பிப் பயணம் மறுபடியும் கெட்டுப்போனது. முதலில் என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் வேலை. பிறகு சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். இந்தத் தடவை தேதி குறித்தாயிற்று, லீவும் கிடைத்தது. ஆனால் நேரத்தில் கைவைத்துவிட்டார்கள்.

நேற்று எங்கள் சந்தாபுரா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். கதவு திறக்கும்போதே விட்டலர் கோயில் வாசலில் நிற்கவேண்டும் என்றேன். என் ஓரகத்தி சிரித்தாள்.

"லீவுல போறதே தூங்கறதுக்குத்தான் தேவி. ரிசார்ட்ல ஸ்விம்மிங் பூல் வேற இருக்கு. டிஃபன் சாப்ட்டு, குளிச்சு, மதியமா போலாம். கல்லு எங்க ஓடிடப் போகுது?"

கல் ஓடாது. கூட்டம் வந்துவிடுமே! அதை நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம்?

அந்தத் தடவை நாம் மதியம்தான் போய்ச் சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. உன் வீல்சேரைக் கல்தரையில் தள்ளித் தள்ளி என் கை மரத்துப்போனது. கல் ரதத்தைச் சுற்றி ஒரே தலைகள். உட்கார்ந்திருந்த உனக்கு முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. கொஞ்சம் இடம் கிடைத்து முன்னால் வந்தால், ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு, "ஸ்வல்ப ஆ கடெ ஹோகி சார்" என்று அந்தப் பக்கம் தள்ளிப் போகச் சொன்னார். அவர் எடுக்கும் போட்டோவில் உன் வீல்சேர் விழுகிறதாம். ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவரையும் விடாமல் சண்டை போடுகிறவன் நீ. அன்றைக்கோ, சண்டைக்கு வாயைத் திறக்கப்போன என் கையைப் பிடித்து, "விடு" என்றாய்.

ரயிலில் திரும்பும்போதுதான் சொன்னாய். "அடுத்த தடவை எல்லாருக்கும் முன்னாடி போயிடணும் தேவி. நானும் ரதமும் மட்டும் இருக்கணும்."

அடுத்த தடவைக்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து நீ வீடு திரும்பவே இல்லை.

இதையெல்லாம் நேற்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்? "அண்ணனுக்காகத்தான் போறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"மச்சான்தான் இப்ப இல்லையே தேவி. எந்த நேரத்துல போனா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அம்மா அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"நாம ரெண்டு பேரும் போலாம்டி. அவங்க தூங்கட்டும்."

"உன் முட்டி இருக்கிற இருப்புக்கு அங்க எப்படிம்மா நடப்ப?"

"அங்கங்க உக்காந்து உக்காந்து வரேன். என் புள்ள உக்காந்துகிட்டேதானே அவ்ளோ தூரம் வந்தான்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹம்பிக்குப் பக்கத்து ரயில் நிலையமான ஹொசப்பேட்டைக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அப்ப நானு?"

"முழிச்சா வாங்க."

இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. வருவாரா, மாட்டாரா தெரியாது. ஓரகத்தி ரிசார்ட் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். உன்மேலும் கோபம்தான். இன்னும் ஒரு வருஷம் இருந்திருக்கக் கூடாதா?

சரி, இதைக் கேட்டுக்கொள். ஊர் எழுந்து வருவதற்குள் அம்மாவை அந்த ரதத்துக்கு எதிரே உட்கார வைப்பேன். அவளாகப் போதும் என்று சொல்கிறவரை யாரும் அவளைக் கிளப்ப விடமாட்டேன்.

கோபம் தணியாத உன் தங்கை,
தேவி