புதன்கிழமைக்கு ஆள் சேர்த்த அக்கா

அக்கா,

இந்த ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குச் சளி. அவள் அம்மா கைக்குட்டையில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுக் கொடுத்திருந்தாள். மகள் அதை ஒரு கையால் மூக்கில் வைத்துக்கொண்டு, மறு கையால் போனில் துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாள். "இதுல பாதிப் பேரு நெஜ ஆளே இல்லப்பா. எல்லாம் கம்ப்யூட்டரே ஆடற பாட். ஆள் கம்மியா இருந்தா அதுவே ரொப்பிக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு. தைல வாசனையும் அந்தப் பேச்சும் ஒன்றாக வந்ததும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். இரண்டையும் ஒரே இடத்தில் நான் பார்த்தது உங்களிடம் மட்டும்தான்.

இப்போது அதுவே ரொப்பிக்கொள்கிறதாம். நம் காலத்தில் நீங்கள்தானே ரொப்பினீர்கள், ஒவ்வொரு ஆளாக, உங்கள் கையால்.

ஸ்ரீபெரும்புதூர் பஜாரில் மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது உங்கள் பிரவுசிங் சென்டர். ஜன்னலே கிடையாது. நீளமான அறை, சுவரை ஒட்டி வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், கோடியில் உங்கள் மேசை. மண்ணூரிலிருந்து மொபெட்டில் வருவீர்கள். தேர்வு முடிவு பார்த்துச் சொல்வது, பயோடேட்டா அடித்துக் கொடுப்பது என்று ஆரம்பித்த கடை அது. சுற்றிலும் கம்பெனிகள் முளைத்து, தெற்கேயிருந்து எங்களைப்போல் பையன்கள் வந்து இறங்கியதும், அதுவே துப்பாக்கிச் சத்தம் கேட்கும் கடையாகிவிட்டது. எல்லா மிஷினையும் ஒயரால் இணைத்து, உங்கள் மேசைக் கம்ப்யூட்டரைச் சர்வராக்கி, ஒரே ஆட்டத்துக்குள் எல்லாரையும் இறக்கிவிட்டீர்கள். நீங்கள் மட்டும் ஆடியதே இல்லை. அந்தத் திரையைத் தொடர்ந்து பார்த்தால் தலை சுற்றுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்பீர்கள்.

நாங்கள் ஒரே அறையில் மூன்று பேர். நான் சங்கரன்கோவில் பக்கம், இசக்கி அம்பாசமுத்திரம், பால்பாண்டி ராஜபாளையம். மூன்று பேரும் காருக்கு வயரிங் செய்யும் ஒரே கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தோம். வேலை செய்யும் லைன்தான் வேறு வேறு. அவர்கள் இருவருக்கும் வார விடுமுறை ஞாயிறு. என் லைனுக்குப் புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் கூட்டம் நிற்குமாம். நான் அந்த நேரம் லைனில் நின்று ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருப்பேன். புதன்கிழமை நான் வந்தால் கடையில் பயோடேட்டா அடிக்க வந்த யாராவது ஒருவர் இருப்பார், அவ்வளவுதான்.

சர்வரில் என் பெயர் மட்டும் தனியாக இருக்கும். எங்களுக்குப் பிடித்த மேப், அதாவது ஆட்டக் களம், ஒன்று உண்டு. யாரோ சிடியில் கொண்டுவந்த குடோன் மேப். பெட்டிகள், கண்டெய்னர்கள், இரும்புப் படிகள், பார்க்க எங்கள் கம்பெனியின் லோடிங் இடம்போலவே இருக்கும். அதற்குள் துப்பாக்கியோடு நான் மட்டும் சுற்றிச் சுற்றி வருவேன். சுடுவதற்கு ஒரு ஆள் கிடையாது. கொஞ்ச நேரம் சுவரைச் சுடுவேன். அறைக்குப் போனாலும் இதே கதைதான். நான் விழிக்கும்போது அவர்கள் ஷிஃப்டில் இருப்பார்கள், அவர்கள் பேசும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மூன்று பேர் அறையில் இருந்துகொண்டு நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் இருக்க முடியும் என்று ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

"இன்னா கோமதி, ஒண்டியா சுத்திகினு கீற?" என்று ஒரு புதன்கிழமை கேட்டீர்கள். கோமதிநாயகம் என்ற என் பெயரை முதல் நாளே நீங்கள் சுருக்கிவிட்டீர்கள். பெண் பெயராக இருக்கிறதே என்று பையன்கள் சிரித்ததைக் கண்டுகொள்ளவில்லை. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், திரும்பி வரமாட்டேன். பயிற்சி பாதியில் நிற்கும், சான்றிதழ் கிடைக்காது, மாமாவின் பலசரக்குக் கடையில் தராசு பிடிக்க வேண்டியதுதான். மகன் கார் கம்பெனியில் இருக்கிறான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் புத்தி சொல்லியிருப்பார்கள். நீங்கள் சொல்லவில்லை. ஏதோ யோசித்துவிட்டு, "சரி, போ. ஆனா அடுத்த புதன் வந்துட்டுப் போ. உனுக்கு ஆள் ரெடி பண்றேன்" என்றீர்கள்.

அடுத்த புதன் வந்தால், மேசைமேல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிவந்த ஒரு சிடி. அதிலிருந்த ஆங்கிலக் குறிப்பை எல்லாம் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஜெபப் புத்தகம் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தீர்கள். கம்ப்யூட்டரே ஆடும் ஆட்களுக்குப் பாட் என்று பெயர்; ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் வைக்கலாம், துணிச்சல் எவ்வளவு, குறி எவ்வளவு சுத்தம், கூட்டத்தோடு போவானா தனியே திரிவானா என்றெல்லாம் நாமே வைக்கலாம் என்று எனக்குச் சொன்னீர்கள். ஒரு ஆளுக்கு இசக்கி என்று பெயர் வைத்தீர்கள். துணிச்சலை உச்சத்துக்கும் குறியை அடிமட்டத்துக்கும் தள்ளினீர்கள். அடுத்தவன் பால்பாண்டி, அவனுக்கு நேர் எதிர். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் மேசையில் வேலை பார்க்கிற மாதிரி இருந்துகொண்டு, சர்வர் திரையில் ஒவ்வொருவன் ஆட்டத்தையும் கவனித்திருக்கிறீர்கள். தலை சுற்றும் என்று தெரிந்தே.

ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அத்தனை பேரும் நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார்கள். நின்ற இடத்திலேயே கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "உங்க லைன்ல சூப்பர்வைசர் இல்லாதப்போ நிக்கிற மாதிரியே நிக்கிறானுங்க" என்றீர்கள். சிரித்து முடித்துவிட்டு மறுபடியும் அந்தக் குறிப்பைப் படித்தீர்கள். அந்தப் பாட்களுக்குக் கண் கிடையாது. ஒருவர் மேப்பை முழுக்க நடந்து, அங்கங்கே அடையாளம் வைத்துக் கொடுத்தால்தான் அந்த வழியில் நடப்பார்கள். எங்களுடையது எவனோ செய்த மேப் என்பதால் அதற்கு வழி எதுவும் சிடியில் இல்லை.

நான் நடக்கிறேன் என்றேன். நீங்கள் விடவில்லை. "நீ நடந்தா ஓடுவ. அப்புறம் அவனுங்களும் ஓடிகினே இருப்பானுங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துக் கைக்குட்டையில் விட்டு, மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். கொஞ்சம் நடப்பீர்கள், கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்துவீர்கள், ஒரு புள்ளி விழும். முகர்வீர்கள். மறுபடி நடப்பீர்கள். "புள்ளி வெச்சாத்தானே கோலம்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். நடுவில் ஒருமுறை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள், முகம் வெளுத்திருந்தது. போதும் அக்கா என்றேன். படி பாக்கி இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு மத்தியானம் முழுக்க, ஒரு குண்டுகூடச் சுடாமல், அந்தக் குடோனை முழுவதுமாக நடந்து முடித்தீர்கள். எனக்காக யாரும் அதுவரை அப்படி நடந்ததில்லை.

அதன்பிறகு புதன்கிழமை என்றால் எனக்கு ஆள் இருந்தது. ஆட்டம் தொடங்கும் மணி அடித்ததும் இசக்கி கத்தியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக ஓடிச் செத்துப்போவான். பால்பாண்டி கண்டெய்னருக்குப் பின்னால் ஒளிந்து என் முதுகிலேயே சுடுவான். அறைக்குப் போய் அவர்கள் எழுந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்வேன். பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. நிஜ இசக்கிக்குத்தான் பொறுக்கவில்லை. உங்களிடம் வந்து, "என்னைய மட்டும் ஏங்க்கா கூறுகெட்டவனா வச்சிருக்கீய?" என்று நியாயம் கேட்டான். "நீ ஓடுறத நிறுத்து, நானும் மாத்திடறேன்" என்றீர்கள். அவனும் நிறுத்தவில்லை, நீங்களும் மாற்றவில்லை.

நீங்கள் போட்ட வழியில் ஒரு கோளாறும் இருந்தது. மேப்பின் ஒரு மூலையில் இரும்புப் படி ஏறினால் ஒரு மொட்டைத் தளம். அங்கே எதிரியும் வரமாட்டான், துப்பாக்கியும் கிடைக்காது. ஆனாலும் பாட்கள் ஒவ்வொருவராக அங்கே ஏறிப்போய், கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆள் குறைந்தால் நீங்கள் பாட்களையும் இறக்குவீர்கள்; பையன்கள் அதைக் கண்டுபிடித்துக் கீழே காத்திருந்து சுட ஆரம்பித்தார்கள். அந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொன்னேன். "அங்க ஏறுனா வானம் தெரியிது கோமதி. இந்தக் கடைல எங்க தெரியிது? இருக்கட்டும் வுடு" என்றீர்கள். கடைசிவரை எடுக்கவில்லை.

பொங்கல் நெருங்கியது. புதன்கிழமை ஆட்டம் பிடித்திருந்ததே தவிர, ஊருக்குப் போகும் எண்ணம் மாறவில்லை. தகரப் பெட்டியில் பாதி அடுக்கியும் வைத்துவிட்டேன். அந்த ஞாயிறு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து அறைக்குள் நுழைந்தால், இசக்கி சண்டைக்கு நின்றான்.

"ஏலே கோமதி, படிக்கிட்ட நின்னுக்கிட்டு என்னையவே போட்டுட்டல்லா. நல்லா இருப்பியாலே நீ?"

நான் இன்று முழுக்க லைனில் நின்றேன் என்றேன். பால்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகுதான் சொன்னார்கள். சில வாரங்களாகவே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் என் பெயரில் ஒருவன் இருக்கிறானாம். ஆள் சேர்ந்துபோய் எல்லா மிஷினும் நிறைந்திருந்தாலும் நீங்கள் அவனை எடுப்பதில்லையாம். இன்றைக்கு என்னால்தான் பால்பாண்டி கட்சி ஜெயித்ததாம். நான் செய்யாத வீரத்தையெல்லாம் இருவரும் எனக்கு விலாவாரியாகச் சொன்னார்கள். மெஸ்ஸில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே இருந்திருக்கிறேன் என்பது மெள்ளத்தான் மண்டையில் ஏறியது.

புதன்கிழமை வந்ததும் உங்களிடம் கேட்டேன். இசக்கிக்குத் துணிச்சல், பால்பாண்டிக்குக் குறி, எனக்கு என்ன வைத்தீர்கள் என்று. யாருக்கோ பிரிண்ட் எடுத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"உனுக்கு ரெண்டுமே சுமார்தான். ஆனா கூட இருக்கறவன ஒண்டியா வுட்டுட்டுப் போவ மாட்ட. அதான் வெச்சேன்."

போவதற்குப் பெட்டி கட்டிவைத்திருந்தவனிடம் அதைச் சொன்னீர்கள் அக்கா. அன்றைக்கு நான் ஆடவில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டேன். பொங்கலுக்குப் போனேன், காணும் பொங்கல் முடிந்ததும் திரும்பி வந்தேன். சான்றிதழ் வாங்கினேன்.

கைக்குக் கை போன் வந்தபின் நீங்கள் சென்டரை மூடினீர்கள். அப்போது ஆட்டத்தை முழுசாக ஒரு சிடியில் ஏற்றி, மேலே 'கோமதி' என்று மார்க்கரால் எழுதிக் கொடுத்தீர்கள். போன தவக்காலத்தில் மண்ணூருக்கு உங்களை அடக்கம் செய்ய வந்தபோது இசக்கியும் பால்பாண்டியும் கூட வந்தார்கள். மூன்று பேரும் அன்று ஒன்றாக லீவு போட்டோம். கல்லறைத் தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. தலைக்குமேல் ஒரு மரம்கூட இல்லை, வானம்தான். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

நான் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் பார்த்துக்கொள்கிறேன். வார விடுமுறை ஒதுக்குவது என் பொறுப்பு. புதிதாக வரும் பையன்களிடம் முதலில் கேட்பது யாரோடு அறையில் தங்கியிருக்கிறாய் என்பதுதான். ஒரே அறையில் இருப்பவர்களில் இரண்டு பேருக்காவது ஒரே நாளில் விடுமுறை வரும்படி போடுவேன். எதற்கு இந்த வேலை என்று மேலே இருப்பவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றவன் உள்ளே வந்து, பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி உங்கள் சிடியைப் போட்டேன். படிக்குமா என்று பயந்தேன், படித்தது. மகளை உட்காரவைத்து, உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் குடோனுக்குள் இறக்கினேன். மணி அடித்ததும் இசக்கி ஓடினான், செத்தான். மகளுக்கு ஒரே சிரிப்பு. மற்றவர்கள் நீங்கள் நடந்த வழியிலேயே நடந்து, இரும்புப் படியேறி, வானத்தைப் பார்த்து நின்றார்கள். "இன்னாப்பா, சும்மா நிக்கிறானுங்க. சுடட்டா?" என்றாள். வேண்டாம், நீயும் ஏறிப் பார் என்றேன். ஏறினாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். ஒருவன் மட்டும் அவள் பக்கத்திலேயே நின்றான். அவள் திரும்பினால் அவனும் திரும்பினான்; அவள் நின்றால் நின்றான். தலைக்குமேல் என் பெயர்.

"அப்பா, இவன் என்ன வுட்டுட்டுப் போவவே மாட்றான்பா."

அவள் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கி நானும் ஒருமுறை முகர்ந்துகொண்டேன், அக்கா.