நாணற்குடிக் கெளுத்திக் குளத்தில் திருவடி வைப்பது குறித்து

நீர் நிறைக. கரை நிலைக்க. மடைப்பலகை உளுக்காதிருக்க.

மூவாற்று நாட்டை முழுதும் உடையவரும், பகைவர் தோணிகளைப் பாய்மரத்தோடு கவிழ்த்த படைக்கு அதிபதியும், பாட்டனார் ஈட்டிய ‘ஆழம் அஞ்சாதான்’ என்னும் விருதுப்பெயரைக் கேட்காமலே பெற்றுக்கொண்டவருமாகிய கோ நெடுமாவேள், நாணற்குடி வலைஞர் தலைவி காயாம்பூ நாச்சியாருக்கு விடுக்கும் ஓலை.

நும் ஓடங்கள் ஒழுகாதிருக்க. நும் வலைகள் கிழியாதிருக்க. நும் ஊர்ப் பூனைகளும் குறைவின்றி வாழ்க.

இங்கு யாம் நலம். யாம் அஞ்சவில்லை என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறோம். எவரும் கேட்குமுன்பே இதனைத் தெரிவிப்பது ஏன் என்று அங்கு எவரும் கேட்க வேண்டா.

நிற்க, காரியம் யாதெனில்: சென்ற கோடையில் யாம் ஒரு விருந்தில் கெளுத்திக் குழம்பு உண்டு, அதன் சுவையில் மெய்ம்மறந்து, நம் நாட்டிலும் கெளுத்தி வளர்க்க ஒரு குளம் வேண்டுமென்று இலையிலிருந்து எழுமுன்பே ஆணையிட்டோம். நும் ஊரார் தம் நடுவயலை, அதுவும் நன்றாய் விளைந்த வயலை, அதற்கென விட்டுக்கொடுத்தனர். வெட்டினர், எருமைகளை மிதிக்கவிட்டு அடிமண்ணை இறுக்கினர், வாய்க்காலைத் திறந்து, சாணம் கரைத்து, நீர் பசுமை கட்டும்வரை காத்திருந்தனர். இவ்வாண்டு நெல்லுக்குப் பதில் மீன்தான் அவர்க்குச் சோறு என்பதை யாம் மறக்கவில்லை. மறந்த பொழுதெல்லாம் நும் தூதன் வேம்பன் வந்து நினைவூட்டுகிறான்.

புதுநீர் எதுவாயினும் அரசன் வலக்கால் முதலில் படவேண்டும், அவன் இடுப்பளவு இறங்கி அடிச்சேற்றில் ஒரு பிடி அள்ளிக் கரையில் வைக்கும்வரை வேறு எவர் காலோ, வலையோ, தூண்டிலோ நனையலாகாது என்பது நம் குலவழக்கம். முன்னோர் இவ்வழக்கத்தை வகுத்தபோது புதுக்குளத்தில் தண்ணீர் மட்டுமே இருந்தது. யாமோ, அரசன் கால் எங்கே ஓடிப்போகும், மீன்குஞ்சு அதுவரை பானையில் தாங்காது என்று எண்ணி, குஞ்சுகளைக் கரையிலிருந்தே சாய்த்துவிடச் சொன்னோம். கால் பின்னர் வைக்கப்படும் என்றோம். அந்தப் பின்னர் இன்றுவரை வரவில்லை. முதலில் எமக்குச் சளி பிடித்தது. அடுத்து யானைக்குக் கால்வலி. அதன்பின் நாள் சரியில்லை. நாள் சரியானபோது கோள் சரியில்லை.

இடையில் ஒருநாள் நண்பகலில் யாம் மாறுவேடத்தில் நும் குளக்கரைக்கு வந்தோம். மாறுவேடத்தை நும் ஊரார் அனைவரும் வணங்கி வரவேற்றனர். கரையிலிருந்து ஒரு தவிட்டுருண்டை எறிந்தோம். நீர் கொதித்தது. அடுப்பில்லாமல் கொதித்தது. தலையணை அகலத்துக்கு வாய்கள் திறந்தன. ஒவ்வொரு வாயின் இருபுறமும் எம் படைத்தலைவருக்கும் வாய்க்காத மீசை. அவற்றுள் ஒன்று தவிட்டை விட்டுவிட்டு எம்மையே பார்த்தது. குதிரை பின்வாங்கிற்று. யாம் குதிரையின்மேல் இருந்தமையால் உடன் செல்ல நேர்ந்தது. அவ்வளவே நடந்தது, வேறு கதை பரவியிருப்பின் அது பொய்.

எமக்கு இம்மீனோடு முன்பே பழக்கம் உண்டு. சிறுவயதில் மடைப்பள்ளிக் குடத்தில் கைவிட்டு, அதன் செவுளருகே நிற்கும் முள் உள்ளங்கையில் ஏறி, அரண்மனையே அதிர அலறினோம். பகைவர் புகுந்தனர் என்று கோட்டைக்கதவை அடைத்துவிட்டனர். ஒரு குட்டி மீனுக்கே அவ்வளவு. இப்போது அதன் பாட்டன்கள் இருக்கும் நீரில் இடுப்பளவு இறங்க வேண்டும். இடுப்புவரை உள்ள அரச உறுப்புகள் எவை எவை என்று அரண்மனை வைத்தியர் எமக்கு விளக்கினார். யாம் கேட்கவில்லை, தாமாகவே விளக்கினார்.

ஆகவே மாற்றுவழி நாடினோம். அரசனுக்கு ஈடாக அரசன் வாளை அனுப்பி மணமே முடிக்கும் நாடுகள் உண்டாகையால், எம் வாளை நீரில் தோய்த்தால் போதாதா என்று கேட்டனுப்பினோம். தாங்கள் சொல்லியனுப்பிய மறுமொழியை வேம்பன் அவையில் அப்படியே ஒப்பித்தான்: “வாளுக்குக் காலு இருக்கான்னு கேட்டுட்டு வாடா.” அடுத்து, குளத்தினுள் பெரிய வெண்கல அண்டா ஒன்றை இறக்கி, அதனுள் யாம் நிற்கலாமா என்றோம். அண்டாவில் நிற்பது மீனின் வேலை, அதுவும் புளிக்கரைசலில் என்று மறுமொழி வந்தது. அவையினர் சிரிக்கவில்லை. ஆனால் நெடுநேரம் இருமினர்.

நேற்று வேம்பன் கொணர்ந்த செய்திக்குப் பின் இருமுவாரும் இல்லை. பெரியதைச் சிறியதினின்றும் பிரித்துவிடாவிடில் கெளுத்தி தன் இனத்தையே தின்னும் என்றும், பிரிக்க நீரில் இறங்க வேண்டும் என்றும், இறங்க எம் கால் முதலில் படவேண்டும் என்றும், ஆதலால் குளம் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கிறது என்றும் உரைத்தான். கீழ்வானம் கறுத்துவிட்டது, மழை பிடித்துக் கரை வழிந்தால் எஞ்சிய மீனும் ஈரப்புல்லில் நெளிந்தேறி வாய்க்கால் வழியே போய்விடும், பிறகு வயலும் இல்லை, மீனும் இல்லை, உலையில் வைக்க ஒன்றும் இல்லை என்றும் உரைத்தான். உரைத்துவிட்டுத் தாங்கள் சொன்னதையும் சொன்னான்: “ராசா வர்றாரா, இல்ல மீனே நடந்து அரமனைக்கு வரட்டுமா? எங்க புள்ளைங்க எலையப் போட்டு ஒக்காந்திருக்குதுங்க.”

அதன் முற்பாதி எம்மை நேற்றிரவு உறங்கவிடவில்லை. பிற்பாதி இன்றும் உறங்கவிடாது போலிருக்கிறது.

ஆகையால் வருகிறோம். வளர்பிறை ஏழாம் நாள் காலை, வெயில் ஏறுமுன். அன்று எந்தக் கோள் எங்கு நின்றாலும் அது அதன் பாடு. காலைத் தூக்கி வைத்தால்தான் மீன்மேல் மிதிபடும், முள் ஏறும். சேற்றோடு தேய்த்து நகர்த்தினால் விலகிப் போய்விடும் என்று தாங்கள் முன்பே சொல்லியனுப்பியபடி, யாம் சில நாளாகவே கூடத்தில் காலைத் தேய்த்து நடந்து பழகிவருகிறோம். அதைக் கண்ட அமைச்சர்கள், இது புதிய அரசநடை என்றெண்ணித் தாமும் அவ்வாறே நடக்கின்றனர். இப்போது நம் அவையில் எவரும் காலைத் தூக்குவதில்லை. வாயிற்படியில் பெரும் நெரிசல்.

இனி ஆணை. கரை நெடுக வலைஞர் வலையோடு ஆயத்தமாய் நிற்க. யாம் ஒரு பிடி சேற்றை அள்ளிக் கரையில் வைத்த கணமே, எம்மை வாழ்த்தக்கூட நில்லாமல் இறங்குக. பெருமீன் வேறு சிறுமீன் வேறாகப் பிரிக்க. முதல் மீன் அரண்மனைக்கு வேண்டா. இலை போட்டு உட்கார்ந்திருப்பவர்க்கே பரிமாறுக.

மற்றுமோர் ஆணை. அன்று கரையில் நின்று யாம் தலைசுற்றுகிறது என்போம், நம்ப வேண்டா. பகைவர் எல்லையில் வந்துவிட்டனர் என்று எம் ஆள் ஓடிவருவான். அவனை அமர்த்தி மோர் கொடுக்க. திரும்புக என்று யாமே வாய்திறந்து ஆணையிடுவோம். அந்த ஆணையினும் இவ்வாணை மூத்தது. திரும்புக என்னும் ஆணைக்குப் பணிந்தவர் எம் சினத்துக்கு ஆளாவர். தாங்கள் கால் நனையாமல் கரையில் நின்றபடியே எம் கையைப் பற்றி இறக்குக. இறங்கிய பின்னும் விடாதிருக்க.

இவ்வோலையை ஊர்மன்றில் அனைவரும் கேட்க உரக்கப் படிக்கக் கடவீர். கையைப் பற்றுவது குறித்த வரியை மட்டும் மெல்லப் படிக்க.

இப்படிக்கு நம் நாரை இலச்சினை பொறித்துக் கொடுத்தோம். இலச்சினை இரண்டு இடத்தில் விழுந்திருப்பது அரக்கு இளகியதால்.