இரண்டும் இடது கால்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று பச்சை விளக்கு எரிந்து என் கைக்கு வந்த பெட்டியில் இரண்டு ஷூவும் இடது காலுக்கானவை.

முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். உன் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு. ஷூ வாங்கத்தான், வேறொன்றுமில்லை.

எங்கள் கம்பெனியில் பெட்டிகளைச் சரிபார்க்கப் புது சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்கள். நிறம், அளவு, எடை எல்லாம் பார்த்து, சரியென்றால் பச்சை விளக்கு எரியவிடும். இடது, வலது பார்க்காது. கடைகளிலிருந்து இப்படிப்பட்ட பெட்டிகள் திரும்பி வந்ததும், பழி பக்கத்து மேசையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் அக்கா மேல் விழுந்தது.

"நூறு டெஸ்ட்ல தொண்ணூத்தெட்டு பாஸ். நீதான் அப்புறம் மாத்தி வச்சிருக்கே. உன் வேலை போகப்போகுது" என்றார் அந்த சாஃப்ட்வேரை வைத்த இன்ஜினியர்.

"ஆமா சார், வலது ஷூவையெல்லாம் நான்தான் தின்னுட்டேன்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

எனக்குத்தான் நாலு பேர் முன்னால் பேச்சே வராதே. பச்சை விளக்கு எரிந்து நேராக என் கைக்கு வந்த, அக்கா தொடாத பெட்டியைத் திறந்து, அந்த இரண்டு ஷூவையும் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நடந்தேன்.