பாய்மரக் கப்பலில் உங்கள் தங்கையோடு ஆறு நாள்

என்னங்க, கூப்பிட்டால் இன்னமும் என் மனசுக்குள் ‘ம்’ சொல்கிறவரே,

கப்பலில் போய்விட்டு வந்துவிட்டேன். ஓய்வு பெற்ற மறுவாரமே நம் இருவருக்கும் பதிவு செய்து வைத்தீர்களே, அதே பாய்மரக் கப்பல்தான். நீங்கள் போய் எட்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. “ரத்து பண்ண முடியாதும்மா, பேரை மட்டும் மாத்தலாமாம். அப்பா பேருக்குப் பதிலா அத்தை பேரைக் குடுத்துட்டேன்” என்றான் நம் செந்தில். என்னைக் கேட்காமலே முடிவெடுப்பதில் அவன் அப்படியே உங்கள் பிள்ளை.

உங்கள் தங்கை வசந்தாவும் நானும் உங்கள் கருமாதியிலிருந்து பேசிக்கொள்வதில்லை. வந்த சனம் மொத்தமும் கேட்க, “அன்னிக்கு சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பாரு” என்றாள். அன்றைக்கு நீங்கள்தான் நெஞ்சைத் தடவிக்கொண்டு, “வாயுதான், யார்கிட்டயும் சொல்லாத” என்றீர்கள். நானும் நம்பி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். விடியும்போது நீங்கள் இல்லை. அவள் சொன்னது நிஜம்தானா என்று அன்றிலிருந்து தினமும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேங்கிக்காலில் நம் வீட்டு வாசலில் கார் ஏறி, கீழ்பென்னாத்தூரில் அவளையும் ஏற்றிக்கொண்டு சென்னை போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை இல்லை. விமானத்திலும் இல்லை. தாய்லாந்தில் புக்கெட் கரையில் இறங்கிக் கப்பலைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒன்றாக வாயைப் பிளந்தோம். வெள்ளைவெளேரென்று கப்பல், மூன்று பாய்மரம். நம் ஊர்க் கோயில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது போலக் கழுத்து வலிக்கப் பார்த்தோம். மொத்தமே அறுபது பயணிகள்தான். “பெரிய கப்பல்னா கல்யாண மண்டபம் மாதிரி, இரைச்சல் ஜாஸ்தி. சின்னதுதான் சரி” என்றீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள்.

ஆனால் சின்னக் கப்பலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு எங்கே போவது? அறையில் நமக்கென்று சேர்த்துப் போட்டிருந்த இரட்டைக் கட்டிலைப் பணிப்பெண் சிரித்துக்கொண்டே இரண்டாகப் பிரித்துப் போட்டாள். நடுவில் ஒரு முழம் இடைவெளி. அந்தப் பக்கம் உங்கள் தங்கை. குறட்டை மட்டும் அச்சு அசல் உங்களுடையது. அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படித் தூங்குவது, சொல்லுங்கள்?

இரண்டாம் நாள் பாய் விரிப்பதைப் பார்க்க எல்லாரையும் மேல்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தாள். மாலுமிகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஏதோ கேட்டாள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காது கொடுத்தாள். அப்புறம் கயிறு இழுத்தார்கள், பாய்கள் ஒவ்வொன்றாக ஏறின. சட்டென்று எஞ்சினை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய கப்பல் வெறும் காற்றில் சத்தமில்லாமல் போகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதற்காகத்தானே தேடித் தேடி இந்தக் கப்பலைப் பிடித்தீர்கள்?

காலையில் எல்லாரும் மேல்தளத்தில் சுற்றி நடப்பார்கள். உங்கள் தங்கை மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாய்மரம் வலக்கைப் பக்கம் இருந்தால்தான் நடப்பாள். எதிரே வந்தவர்களெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் பார்த்து, மூன்றாம் நாள் அத்தனை வெள்ளைக்காரர்களும் அவள் பின்னாலேயே கிரிவலம் போகிற மாதிரி சுற்றினார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேச்சே இல்லாதவளைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று அடக்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் மத்தியானம் காற்று வலுத்துக் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வசந்தாவுக்கு வாந்தியான வாந்தி. கோபத்தைப் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்? தலையைப் பிடித்தேன், முகத்தைத் துடைத்தேன், எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுத்தேன். என் மடியில் படுத்தவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

“அண்ணி, அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் எனக்கு போன் பண்ணாரு.”

குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

“நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது, வாயுதான், அண்ணிகிட்ட சொல்லாதன்னாரு. சோடா குடிச்சிட்டுப் படுண்ணான்னு நான்தான் சொன்னேன். அதை வெளிய சொல்ல வாய் வரல. உங்க மேல போட்டுட்டேன் அண்ணி.”

“என்கிட்டயும் வாயுன்னுதான் சொன்னாரு” என்றேன். இரண்டு பேரும் அழுதோம். கடல் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பணிப்பெண் இன்னும் இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அப்புறம் சேர்ந்து உங்களைத் திட்டினோம். உயிரோடு இருந்தபோதுகூட நீங்கள் அப்படித் திட்டு வாங்கியதில்லை. ஏங்க அப்படிச் செய்தீர்கள்? எங்களைப் பயமுறுத்தக் கூடாது என்றா? பயந்திருப்போமே. பயந்துபோய்த் தலைமுடியைக்கூட முடியாமல் தெருவில் ஓடி ஆட்டோவை நிறுத்தியிருப்போமே. அந்த ஒரு சாயங்காலத்துப் பயத்தை எங்களுக்குக் கொடுத்திருக்கலாம் நீங்கள்.

போன வாரம் வசந்தா இங்கே வந்திருந்தாள். காபி குடித்துக்கொண்டிருந்தவள் இடது தோளைப் பிடித்துக்கொண்டு, “வாயுவா இருக்கு...” என்று ஆரம்பித்துப் பாதியில் என் முகத்தைப் பார்த்தாள். “எந்திரி” என்றேன். மறுபேச்சு பேசாமல் எழுந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, சுளுக்குதான் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வருகிற வழி முழுக்க ஆட்டோவில் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

எனக்கு எது வலித்தாலும் முதலில் அவளிடம் சொல்வேன், அவளுக்கு வலித்தால் என்னிடம். ‘யார்கிட்டயும் சொல்லாத’ என்று இனி யார் சொன்னாலும் கேட்க மாட்டோம், நீங்களே வந்து சொன்னாலும். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் வீட்டுக்காரி,
வசந்தாவின் அண்ணி,
மல்லிகா