காலை ஏழு மணிக்குச் சூடாக இருந்த பொனட்

12.03.2001, திங்கள், இரவு பத்தரை. பார்த்த பிக்கப் இரண்டு, வாங்கியது ஒன்று.

மரக்கறி ஏற்றப்போவதாகத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டார் அத்தான். இன்ஜின் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. நேற்று வெலிமடையில் பார்த்தது டர்போ இல்லாத பழைய டீசல். ஏற்றத்தில் ஊரும், ஆனால் குளிரிலும் உடனே ஸ்டார்ட் ஆனது. இன்று பண்டாரவளையில் பார்த்ததில் டர்போ இருந்தது. காலை ஏழு மணிக்கே பொனட் சுட்டது. நாங்கள் வருமுன் ஓட விட்டிருக்கிறார்கள். சூடான இன்ஜின் கோளாறைக் காட்டாது.

"இன்ஜின் ஆறட்டும் அத்தான். பச்சையா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்."

"ஏழரைக்கு ராகு காலம் மச்சான். அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துறணும்."

"அப்ப ராகுவையே வண்டி பாக்கச் சொல்லுங்க!"

கோபத்தில் ரோட்டோரம் போய் நின்றுகொண்டேன். மறுத்துச் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அத்தான் வண்டியை வாங்கிவிட்டார்.

மாலை, ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அத்தானின் லயத்து வீட்டு வாசலில் ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. இறக்கத்தில் தள்ளி உருட்டியதும் வெள்ளைப் புகையோடு எழுந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அத்தான் சிரித்தார்: "மச்சான் பாத்து எடுத்த வண்டி. குளிருதான், வேற ஒண்ணுமில்ல."

நான் பொனட்டைத் தூக்கி உள்ளே குனிந்துகொண்டேன்.

நாளை:
1. விடியுமுன், குளிரில் இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது.
2. அவை சரியென்றால் கம்ப்ரெஷன் அளப்பது; அது குறைந்திருந்தால் இன்ஜினே தேய்ந்தது.
3. இன்ஜின் போய்விட்டதென்றால் அக்காவிடம் நானே சொல்வது. ராகு காலத்தின் மேல் பழியைப் போடாமல்.